இளங்குழந்தைகளும் இல்லப் பயிற்சியும்

(நம் சங்க ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

விழாக் குழுவினர் என்பால் வந்து, “குழந்தைகளைப் பற்றிச் சிறிது நேரம் பேசுதல் வேண்டும்” எனப் பணித்தபோது யான் முதலில் தயங்கினேன். என்னை? யான் நன்னூலும் காரிகையும் கற்றுப் பட்டம் பெற்றவன். உயர்நிலைப் பள்ளியில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் புணர்ச்சி விதி கற்பித்துக் காலங்கழிப்பவன். மூன்று வயதுக் குழந்தைக்கும் நன்னூற் சூத்திரத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். ஆயினும், இருபது ஆண்டுக்கு மேற்பட்ட ஆசிரியத் தொழிலில் யான் கண்டது ஒன்றுண்டு. என் வகுப்பிற்கு வரும் பிள்ளைகளுள் எழுதுகோலைக் கையில் எடுக்கும்போதே முகஞ் சுளிப்பவர் ஆண்டுதோறும் சிலர் இருக்கின்றனர். அறிவில் குறைந்தவர் அல்லர்; வாயால் கேட்டால் நன்றாக விடை சொல்வர். எழுது என்றால்தான் உடம்பு சுருங்கும். அவ்வெறுப்பு என் வகுப்பில் முளைத்ததன்று. பெற்றோரை அழைத்து உசாவினால், கதை பெரும்பாலும் மூன்று, நான்கு வயதிற் போய் நிற்கின்றது.

தயக்கத்தை விட்டு யான் இங்கு வந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. நம் சங்கத்தின் செயற்குழு மகமைப் பணத்தைக் கொண்டு வரும் ஆண்டில் மழலையர் பள்ளி ஒன்று தொடங்கத் தீர்மானித்திருக்கின்றது. மிக்க மகிழ்ச்சி. ஆனால், அப்பள்ளியின் சேர்க்கை விண்ணப்பத்தின் மாதிரி ஒன்று என் கைக்கு வந்தது. “குழந்தைக்கு எத்தனை எழுத்துகள் எழுதத் தெரியும்? ஆங்கில எழுத்து இருபத்தாறும் தெரியுமா? நூறு வரை எண்ணத் தெரியுமா?” என்னும் வினாக்கள் அதில் உள. மூன்றரை வயதுப் பிள்ளையைச் சேர்த்தற்கு இவ்வினாக்கள்! எழுதத் தெரிந்த பிள்ளைக்கே இடமென்றால், அப்பிள்ளை எழுதக் கற்கப் பள்ளி எதற்கு? குழுவினர் என் நண்பர்கள். சினங்கொள்ளார் என்னும் துணிவினாற் பேசுகின்றேன்.

பிறரைக் குறை கூறுமுன் என் பிழையைச் சொல்லிவிடுகின்றேன். என் தலைமகனுக்கு மூன்று வயதும் சில திங்களும் ஆனபோது விஜயதசமி வந்தது. முறைப்படி தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, அவன் விரலைப் பற்றி அகரத்தை எழுதுவித்தோம். அன்று அவன் பெருமகிழ்ச்சியோடிருந்தான். அரிசியைக் கையால் அளைவது அவனுக்கு விளையாட்டு. அத்துடன் யான் நிறுத்தியிருக்கலாம். பண்டிதன் மகன் நான்கு வயதிற்குள் உயிரெழுத்துப் பன்னிரண்டையும் எழுதிவிட வேண்டும் என்னும் வீறாப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. மறுநாளே இரட்டைக்கோட்டு நோட்டு ஒன்று வாங்கினேன். மாலைதோறும் பள்ளியிலிருந்து திரும்பியதும் அவனை முன்னே இருத்தி எழுதச் சொல்வேன். அகரம் ஒருவாறு வந்தது. இகரம் வரவில்லை. நீங்கள் வீட்டிற்குச் சென்று இகரத்தை ஒருமுறை மெல்ல எழுதிப் பாருங்கள். எத்தனை சுழிவு, எத்தனை திரும்பல்! அவன் எழுதியது ஒருகால் நத்தை போலவும் ஒருகால் கயிற்று முடிச்சுப் போலவும் இருந்தது. “மீண்டும் எழுது” என்பேன். ஒருநாள் அடிக்கோலால் அவன் விரற்கணுவில் தட்டினேன். தட்டினேன் என்று சொல்லுகின்றேனே, அடித்தேன்.

மறுநாள் நோட்டைக் காணவில்லை. வீடெங்கும் தேடினோம். நான்கு நாள் கழித்து என் தாயார் உலைக்கு அரிசி எடுக்கக் கைவிட்டபோது அஃது அரிசிப் பானைக்குள் அகப்பட்டது. குழந்தை அதனை ஆழப் புதைத்து வைத்திருந்தான். அந்நாட்களில் மாலை ஐந்து மணி ஆயின் அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும். மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “மாலை வேளையில் வீட்டில் என்ன நடக்கிறது, சார்?” என்று என்னைக் கேட்டார். யான் விடை சொல்லவில்லை.

என் தாயார் எழுத்தறியாதவர். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. நோட்டைத் துடைத்து அலமாரியின் மேல் வைத்துவிட்டு, “தம்பி, பிள்ளையை ஆறு மாதம் என்கிட்ட விட்டுரு” என்று மட்டும் சொன்னார். விட்டேன். அவர் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. தாம் செய்யும் வேலையில் அவனையும் கூட்டிக்கொண்டார், அவ்வளவே. மொச்சை உரிக்கும்போது ஒரு பிடி காயை அவன் முன் போடுவார். கீரை ஆயும்போது தண்டு வேறு, இலை வேறாகப் பிரிக்கச் சொல்வார். காய்ந்த துணியை எடுத்து வரும்போது துண்டை அவன் மடிப்பான். காலையில் வாசல் தெளித்துக் கோலமிடும்போது ஒரு கொட்டாங்கச்சியில் சிறிது பொடி அவனுக்கும் கிடைக்கும். மார்கழி மாதத்தில் ஒருநாள் வாசற்படியருகே கோலப் பொடியால் நீளமாக ஏதோ இழைத்திருக்கக் கண்டேன். சுழி, வளைவு, மீண்டும் சுழி. “முறுக்குப் போட்டிருக்கேன், அப்பா, மிதிச்சிராதீங்க” என்றான். அஃது எழுத்தன்று. ஆனால், இகரத்துக்கு வேண்டிய சுழிகளெல்லாம் அம்முறுக்கில் இருந்தன.

பின்னர் அவன் எழுதக் கற்றான். ஐந்து வயதுக்கு மேல், யாரும் வருத்தாமல், சில திங்களிற் கற்றான். இப்பொழுது கல்லூரியிற் படிக்கின்றான். கையெழுத்தும் நன்றாகவே இருக்கின்றது. ஆயினும், அவன் எழுதிக்கொண்டிருக்கும்போது யான் பின்னே சென்று நின்றால் அவன் கை நின்றுவிடும். யான் நகர்ந்த பின்னரே மீண்டும் ஓடும். அஃது ஏன் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இனி, அப்பிழையின் காரணத்தைச் சிறிது ஆராய்வோம். வளர்ந்த மனிதரின் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அவ்வெட்டில் ஒன்றுகூடத் தெரியாது. எல்லாம் குருத்தெலும்பாகவே இருக்கும். முதலாண்டில் இரண்டு எலும்புகள் இறுகத் தொடங்கும். மூன்று வயதளவில் மூன்று தோன்றியிருக்கும். ஆறேழு வயதளவிற்றான் ஏழு எலும்புகளும் படத்திற் காணப்படும். எட்டாவது அதற்கும் சில ஆண்டு கழித்தே வரும். பெண் குழந்தைகளுக்குச் சிறிது முந்தும், ஆண் குழந்தைகளுக்குச் சிறிது பிந்தும். இத்தகைய கையிலன்றோ யான் எழுதுகோலைத் திணித்து, கோட்டுக்குள் எழுதவில்லையே என்று அடித்தேன்! மேலும், கையின் ஆற்றல் தோளிலிருந்து விரலை நோக்கி இறங்கி வருவது. முதலில் தோள், பின் முழங்கை, பின் மணிக்கட்டு, இறுதியில் விரல்நுனி. ஏறிக் குதித்தும், வாளி தூக்கியும், துடைப்பம் பிடித்தும் தோள் வலுப்பெறாத பிள்ளைக்கு விரல்நுனியில் நிதானம் எங்ஙனம் வரும்?

இவ்வுண்மை நம் முன்னோர்க்கு வேறொரு வழியில் தெரிந்திருந்தது என்று கருதுகின்றேன். பிள்ளைத்தமிழ் என்னும் நூல்வகையை நீங்கள் அறிவீர்கள். ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பாடினார். குமரகுருபர அடிகள் மீனாட்சியம்மையைப் பாடினார். அந்நூல்களில் பருவங்கள் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாலார்க்கும் பொது. ஆண்பிள்ளைக்குச் சிறுபறை, சிற்றில், சிறுதேர் என்பன பின்வரும். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் முதலியன பின்வரும். ஒவ்வொரு பருவத்தின் பெயரையும் உற்று நோக்குங்கள். செங்கீரையாவது ஒரு காலை மடக்கி, இரு கையும் நிலத்தில் ஊன்றித் தலையெடுத்து ஆடுதல். சப்பாணியாவது இரு கையும் மார்புக்கு நேரே வந்து கூடிக் கொட்டுதல். அம்புலியாவது எட்டாத நிலவை நோக்கிக் கைநீட்டிப் பேச்சுக் கொடுத்தல். சிற்றிலாவது மணலில் வீடு கட்டும் விளையாட்டு. பெண்மக்கள் இழைக்க, ஆண்பிள்ளை அதனைச் சிதைப்பான். சிறுதேராவது கயிறு கட்டி இழுத்தோடுதல். பிறந்த பிள்ளை எவ்வாறு வளர்கின்றது என்பதனை உடம்பின் தொழிலைக் கொண்டே அளந்திருக்கின்றனர். மாதக் கணக்கில் பாட்டியல் நூல்கள் தம்முள் சிறிது வேறுபடும். அதனைப் பற்றி ஈண்டுப் பேச வேண்டுவதில்லை. புலவர்களே பாடிய இப்பத்துள் எழுத்துப் பயிலும் பருவம் என்று ஒன்று இல்லை என்பதனை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்.

எழுத்து வரும் காலத்தும் அவர்கள் எடுத்த எடுப்பிலே ஓலையும் எழுத்தாணியும் கொடுத்தாரல்லர். திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவித்தனர். மணலில் பிழை செய்தால் கையால் தடவிவிடலாம். பிழையின் அடையாளம் நில்லாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் நிலையத்தை நடத்திய ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதனை மேற்கொண்டார். 1797-இல் அதனைப் பற்றி இலண்டனில் நூலும் வெளியிட்டார். அங்கு அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது. அத்திண்ணைப் பள்ளிகளில் பிரம்பும் கோதண்டமும் இருந்தன என்பதனையும் மறந்தேனல்லேன். அவற்றைப் போற்ற யான் வரவில்லை. மணலை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மேனாட்டார் இத்துறையில் செய்தது பெரிது. செருமனியில் பிரோபெல் என்பார் 1837-இல் இளங்குழந்தைகளுக்கென ஒரு நிலையந் தொடங்கி, 1840-இல் அதற்குக் ‘குழந்தைத் தோட்டம்’ என்னும் பொருள்படக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டார். தோட்டம் என்றார், நாம் அப்பெயரைப் பலகையில் எழுதிவிட்டு உள்ளே பலகையும் மேசையும் நிரப்பியிருக்கின்றோம். மாண்டிசோரி அம்மையார் 1907-இல் உரோமை நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939-இல் அவர் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார்; போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். கூசரத்துப் பாவநகரில் வழக்கறிஞர் தொழிலை விட்டு ஆசிரியரான கிஜுபாய் பதேகா என்பவர் 1920-இல் பாலமந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். ‘மீசை வைத்த தாய்’ என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தனர். இவர்கள் எல்லோரும் கண்ட வழி ஒன்றே: குழந்தை தன் கையாற் செய்வதன் வாயிலாகவே அறிகின்றது.

மாண்டிசோரி அம்மையார் பொத்தான் போடவும், நீர் ஊற்றவும், பெருக்கவும் குழந்தைகளைப் பழக்கினார். இக்காலத்தில் பொத்தான் போடும் சட்டம் என்று ஒரு கருவியைப் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர். தகப்பனார் சட்டை கொடியிலே தொங்குகின்றது! அதில் பொத்தான் இல்லையா? இஃது எனக்கு என்றும் விளங்காத விந்தை.

ஆகலின், தாய்மார்களே, உங்கள் வீட்டையே யான் முதற்பள்ளி என்கின்றேன். உங்களுக்குப் புதிதாக வேலை சுமத்த வரவில்லை. நீங்கள் செய்யும் வேலையில் குழந்தைக்கு ஒரு பங்கு கொடுங்கள் என்பதே வேண்டுகோள். அவரையும் மொச்சையும் உரிக்கும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் கூடித் தொழில் செய்கின்றன. எழுதுகோலைப் பிடிப்பனவும் அவ்விரல்களே. சப்பாத்திக்கு மாவு பிசையும்போது ஓர் உருண்டை கொடுங்கள், உள்ளங்கை வலுப்பெறும். துணி உலர்த்தும் கிளிப்பை அழுத்தித் திறப்பது விரலுக்கு நல்ல உழைப்பு. செம்பிலிருந்து தம்ளருக்கு நீர் ஊற்றச் சொல்லுங்கள், சிந்தும். சிந்தினால் துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள். துடைத்துப் பிழிவது மணிக்கட்டுக்குப் பயிற்சி. ‘நீ சிந்திவிடுவாய், நகர்’ என்று நாம் நாளொன்றுக்கு எத்தனை முறை சொல்லுகின்றோம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை கையில் எடுத்ததை வாயிலும் மூக்கிலும் இடும். புளியங்கொட்டை, வேர்க்கடலை, மொச்சை, பொத்தான் ஆகியவை மூச்சுக் குழலில் சிக்கினால் உயிர்க்கே கேடு. அக்குழந்தைகளுக்குச் சப்பாத்தி மாவும், துணியும், நீரும் போதும். நீர் வாளியருகேயும் தனியே விடலாகாது. பெரிய குழந்தைகளுக்கும் மொச்சையைக் கொடுத்துவிட்டு நீங்கள் தொலைக்காட்சி பார்க்கப் போகக்கூடாது. உடனிருந்து செய்வதே இதன் உயிர்.

கணக்கும் அடுக்களையிலேயே இருக்கின்றது. நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் ஒரு குழந்தையை என் உறவினர் ஒருவர் பெருமையோடு என்னிடம் கொண்டுவந்தார். “கண்ணே, நாம் ஐந்து பேர் சாப்பிட உட்காருகிறோம், ஐந்து தட்டு எடுத்து வா” என்றேன். அக்குழந்தை இருந்த தட்டு எல்லாவற்றையும் அடுக்கித் தூக்கி வந்தது. நூறு என்பது அதற்குப் பாட்டு, எண்ணன்று. நாள்தோறும் இலையோ தட்டோ போடும் பொறுப்பைக் கொடுங்கள். ஆளுக்கொன்று வைத்து, ஒன்று மிஞ்சினால் எடுத்து, ஒன்று குறைந்தால் கொண்டுவரும் பிள்ளை எண்ணை அறியும். பல்லாங்குழியை நினைத்துப் பாருங்கள். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி; குழிக்கு ஐந்து முத்து இட்டு ஆடுவது ஒரு வழக்கம். ஒரு முத்து, ஒரு குழி என்று இட்டுக்கொண்டே செல்ல, எண்ணும் பொருளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. வெறுங்குழியைத் தடவிப் பார்க்கும்போது சுழியின் பொருளும் விளங்கும். அதனை நாம் திருமண வீட்டுச் சீரில் வெள்ளியாற் செய்து கண்ணாடி அலமாரியிற் பூட்டி வைக்கின்றோம்.

தந்தைமார்க்கும் ஒரு சொல். நம்மவர் பெரும்பாலோர் கடை வைத்திருப்பவர்; விடியலிற் சென்று இரவு பத்து மணிக்குத் திரும்புபவர். குழந்தை விழித்திருக்கும்போது தந்தை முகம் காண்பது அரிது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் குழந்தையைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். துவரையும் உளுந்தும் கையில் எடுத்து வேறுபாடு பார்க்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு மல்லி எது, சீரகம் எது என்று மோந்து சொல்லட்டும். இவ்வாறு கடையிலே வளர்ந்தவர்கள்தாம் இங்கு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர். அவர்கள் எந்த மழலையர் பள்ளியிலும் படித்தவர் அல்லர். மனக்கணக்கில் அவர்களை வெல்ல இன்று யாரால் இயலும்?

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தமிழாசிரியன் என்னும் பெயருக்கு இழுக்கு. குழந்தை எழுத்தால் மொழி கற்பதில்லை, பேச்சாற் கற்கின்றது. பேச்சு என்பது இருவர் செய்யும் தொழில். நம் வீடுகளில் குழந்தையிடம் நாம் பேசுவதைக் கவனியுங்கள். ‘வா, போ, உட்கார், சாப்பிடு, தொடாதே’ என்னும் ஏவல் வினைகளே மிகுதி. குளிப்பாட்டும்போதும், சோறு ஊட்டும்போதும், கீரைக்காரம்மா வரும்போதும் நடப்பதை நடப்பதாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். ஒன்று கேட்டால் குழந்தை விடை தேடும் வரை பொறுங்கள். நாம் பொறுப்பதில்லை; கேள்வியும் நாமே, விடையும் நாமே. மழலை திருத்தும் முறையிலும் கருத்து வேண்டும். ‘தோதை’ என்று குழந்தை சொன்னால் நகைத்துத் திரும்பச் சொல்லி வேடிக்கை பார்க்காதீர்கள். ‘ஆமாம், தோசைதான், சூடான தோசை’ என்று நீங்கள் திருந்தச் சொல்லுங்கள். செவி கற்றால் நா தானே கற்கும்.

ஆங்கிலம் வேண்டாம் என்று யான் சொல்லவில்லை. என் மகனும் ஆங்கிலத்திலேயே கல்லூரிப் பாடம் படிக்கின்றான். ஆனால், ஆங்கிலம் நன்கறியாத தாய், குழந்தையோடு ஆங்கிலத்திலேயே பேசவேண்டும் என்று ஒரு பள்ளியில் கட்டளையிட்டனராம். அத்தாய் பேச்சையே குறைத்துக்கொண்டார். குழந்தைக்கு ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் சுருங்கிற்று. பாட்டி சொல்லும் கதையையும் விடுகதையையும் தமிழிலே வயிறாரக் கேட்ட குழந்தை பின்னர் எம்மொழியையும் எளிதிற் பற்றிக்கொள்ளும்.

எழுத்து முறையிலும் ஒரு செய்தி உண்டு. நம் நெடுங்கணக்கின் வரிசை ஒலியின் பிறப்பிடத்தை நோக்கி இலக்கணம் வல்லார் அமைத்தது, மிக நேர்த்தியானது. ஆனால் அது கைக்கு எளிதான வரிசையன்று. அதன்படி மூன்றாம் எழுத்தே இகரம்! ட, ப போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளை முதலில் எழுதுவித்து, ம, ய போன்றவற்றிற் பழகி, வளைவுகளுக்குப் பின்னர் வரலாம். வாயால் ஒப்பிக்க அகர வரிசை. கையால் எழுத எளிய வரிசை. பண்டிதனாகிய யான் இதனை அறிய என் மகன் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

செல்பேசியைப் பற்றி நீங்கள் யாவரும் கேட்டுச் சலித்திருப்பீர்கள். சுருங்கச் சொல்லி விடுகின்றேன். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிகளின்படி, இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டுவதே இல்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது. மூன்று, நான்கு வயதுக் குழந்தை ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும். பகலுறக்கமும் சேர்ந்து பத்து முதல் பதின்மூன்று மணி உறங்க வேண்டும். கடை அடைத்து வரும் தந்தைக்காக இரவு பதினொரு மணி வரை விழித்திருக்கும் குழந்தைகள் நம் வீடுகளில் எத்தனை! தந்தை காலையில் அரைமணி பிந்திக் கடை திறந்தால் என்ன குடிமுழுகிப் போகும்?

இனி ஆசிரியப் பெருமக்களை நோக்கியும், செயற்குழுவினரை நோக்கியும் சில சொற்கள். நம் தெருக்கோடியில் அரசினர் அங்கன்வாடி ஒன்று இருக்கின்றது. மக்கள் இன்னும் பால்வாடி என்றே சொல்லுகின்றனர். 1975-இல் தொடங்கிய திட்டத்தின்வழி வந்தது. நம்மவர் அங்குப் பிள்ளைகளை அனுப்புவதை மதிப்புக் குறைவாக எண்ணுகின்றனர். யான் இரண்டு நாள் சென்று திண்ணையில் அமர்ந்து பார்த்தேன். கட்டடம் சிறிது, பொம்மைகள் பழையன. ஆயினும் பிள்ளைகள் வட்டமாகக் கைகோத்துப் பாடுகின்றனர். தாமே தட்டு எடுத்து வந்து உண்கின்றனர். உண்டபின் கைகழுவிப் படுத்து உறங்குகின்றனர். பெருங் கட்டணம் வாங்கும் பள்ளி ஒன்றில் அவ்வயதுப் பிள்ளைகள் பெஞ்சில் அமர்ந்து கட்டைவிரல் சிவக்க எழுதக் கண்டேன். நம் பள்ளி இவ்விரண்டனுள் எதனைப் போல் இருக்கப்போகின்றது என்பதனைக் குழுவினர் கட்டடம் எழும்புமுன் முடிவு செய்தல் வேண்டும்.

என் வேண்டுகோள்கள் சில. விண்ணப்பத்திலுள்ள அவ்வினாக்களை எடுத்துவிடுங்கள். அவ்விடத்தில், ‘குழந்தை தானே உண்ணுமா? எதனை விரும்பி விளையாடும்? யாரிடம் கதை கேட்கும்? எதற்கு அஞ்சும்?’ என்று கேளுங்கள். இவை சேர்ப்பதற்கும் தள்ளுவதற்கும் அல்ல. ஆசிரியை குழந்தையை அறிந்துகொள்ளுதற்கு. ஐந்து வயது நிரம்பும் வரை வீட்டுப்பாடம் என்பதே இருத்தலாகாது. தேர்வும் மதிப்பெண்ணும் வேண்டா. மாலையில் பெற்றோர் வந்து, ‘இன்று என்ன எழுதினான்?’ என்றுதான் கேட்பர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை, யானும் அவ்வாறே கேட்டவன். ‘இன்று உங்கள் மகன் தானே செருப்பு மாட்டிக்கொண்டான், அழுத பிள்ளைக்குத் தன் முறுக்கில் பாதி கொடுத்தான்’ என்று ஆசிரியை சொல்லப் பழகவேண்டும். அடி என்பது எக்காரணத்தாலும் கூடாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளிப் பிள்ளைகளை உடலாலும் உள்ளத்தாலும் துன்புறுத்துவதை விலக்கியிருக்கின்றது. அச்சட்டம் பேசுவது ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி. அவரினும் இளையவரை அடிக்கலாம் என்று எந்தக் கல்நெஞ்சர் பொருள் கொள்வர்? ஆசிரியைகளுக்கு நல்ல சம்பளம் கொடுங்கள். ஓர் ஆசிரியையிடம் நாற்பது குழந்தைகளை விட்டுவிட்டுப் பொறுமையாக இரு என்றால், அம்மையார்க்கும் மணிக்கட்டு இரும்பாலானதன்று. நம் முன்னோர் மகமை கொண்டு எழுப்பிய பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படித்தனர். இம்மழலையர் பள்ளியும் அங்ஙனமே தெருப்பிள்ளைகள் எல்லோர்க்கும் திறந்திருக்கும் என்று நம்புகின்றேன்.

நாற்காலி மேசைகளுக்கென ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியைக் குறைத்து, நிழலுள்ள இடத்தில் ஒரு வண்டி ஆற்றுமணல் கொட்டுங்கள். சலித்த மணலாக இருக்கட்டும். இரவில் நாய் பூனை வாராமல் மூடி வையுங்கள்.

கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கு இறுதியாக ஒன்று. இப்பொழுது எல்லோரும் மின்தராசு வைத்திருக்கின்றீர்கள். பழைய தட்டுத் தராசும், படியும், உரியும், உழக்கும், ஆழாக்கும் உங்கள் கிட்டங்கியின் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும். அவற்றைப் பழைய இரும்புக்காரனிடம் போடாமல் நம் பள்ளிக்குக் கொடுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்பதனைப் பிள்ளைகள் மணலை அளந்து அளந்து தாமே கண்டுகொள்ளட்டும். விழா முடிந்தபின் வாசலில் என் மாணவர் இருவர் நிற்பர். பெயர் கொடுத்தால் அவர்களே வந்து பெற்றுக்கொள்வர். தராசின் சங்கிலி அறுந்திருந்தாலும் தாழ்வில்லை, கயிறு கட்டிக்கொள்வோம்.